லிமிடெட் எடிஷன் அச்சோவியங்கள்: வாங்குவதும் மதிப்பிடுவதும்

சமகால ஓவியர் ஒருவரின் அச்சோவியத்தைக் கையில் எடுத்தால், படத்துக்குக் கீழே உள்ள வெள்ளை ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். இடப்பக்கம் 12/75 என்பதுபோல ஓர் எண், வலப்பக்கம் கையெழுத்து, சில படங்களில் நடுவே தலைப்பு. மொத்தம் 75 தாள்கள் கொண்ட எடிஷன் இது, உங்கள் கையில் இருப்பது 12 என்று எண்ணிட்ட தாள் என்று அர்த்தம். புதிதாகச் சேகரிக்க வருகிறவர்களின் கண் நேராக அந்த எண்ணுக்குத்தான் போகிறது. விற்கிறவர்களும் அதையேதான் முதலில் சொல்கிறார்கள்.

ஆனால் எண்ணிக்கை குறைவு என்பதற்காக மட்டும் ஒரு படத்துக்கு மதிப்பு வந்துவிடாது. ஐந்தே பிரதிகள் அச்சிட்டாலும், அதைத் தேடுகிற ஆறாவது ஆள் இருந்தால்தான் அதற்கு விலை. அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹால் 1967இல் வெளியிட்ட, நடிகை மர்லின் மன்றோவின் முகம் கொண்ட தொகுப்பில் பத்துப் படங்கள், ஒவ்வொன்றுக்கும் 250 பிரதிகள். அது ஒன்றும் சின்ன எண் இல்லை. ஆனாலும் உலக அச்சோவியச் சந்தையில் மிக அதிகம் தேடப்படுகிற படங்களில் அவை இன்றும் இருக்கின்றன. உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு தாள் எப்படி உருவானது, இப்போது என்ன நிலையில் இருக்கிறது, அது இன்னதுதான் என்று எதைக் காட்டி நிரூபிப்பீர்கள் என்ற கேள்விகளில்தான் மதிப்பின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. ஆகவே எண்ணை அப்புறம் படிக்கலாம். முதலில் தாளைப் படிப்போம்.

அசல் அச்சோவியம் எது?

ஓவியர் கான்வாஸில் வரைந்த படத்தைப் புகைப்படம் எடுத்து, தாளில் அச்சடித்து, எண் போட்டு விற்பது ஒரு வகை. அது அந்த ஓவியத்தின் நகல். இன்னொரு வகையில், ஓவியர் மரப்பலகையிலோ செப்புத் தகட்டிலோ கல்லிலோ திரையிலோ அச்சுக்கென்றே படத்தை உருவாக்குகிறார். பெரும்பாலும் கைதேர்ந்த அச்சுக் கலைஞர் ஒருவர் கூடவே இருந்து உழைக்கிறார். இங்கே சுவரில் மாட்டிய வேறொரு மூலப்படம் எங்கும் கிடையாது. தாளில் இறங்கும்போதுதான் படம் முழுமை பெறுகிறது. அதனால் 75 தாள்களும் அசல்தான். இரண்டு வகையும் 'லிமிடெட் எடிஷன்' என்ற ஒரே பெயரில் விற்கப்படுவதால்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள்.

அச்சு எடுக்கும் முறைகளில் நான்கைந்தைத் தெரிந்துவைத்தால் போதும். மரத்திலோ லினோலியத்திலோ வேண்டாத இடத்தைச் செதுக்கிவிட்டு, மேடாக எஞ்சியதில் மை தடவி எடுப்பது வுட்கட், லினோகட். எட்சிங்கில் இது தலைகீழ். உலோகத் தகட்டை அமிலம் அரித்த பள்ளங்களில் மை நிற்கும். மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத் தாளை வைத்து, கனமான உருளைகளுக்கு நடுவே செலுத்துவார்கள். தாள் பள்ளத்துக்குள் அழுந்தி மையை எடுத்துக்கொண்டு வரும். படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு அழுந்திய தடம் தெரியும். சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் கோடுகள் லேசாகப் புடைத்து நிற்பதும் தெரியும். லித்தோகிராஃப், 1790களின் இறுதியில் ஜெர்மனியில் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்தது. கொழுப்பும் நீரும் ஒட்டாது என்பதை வைத்துக் கல்லின் சமதளத்திலிருந்தே படம் எடுக்கும் முறை. ஸ்கிரீன் பிரிண்டில், இறுகக் கட்டிய துணித் திரை வழியாக மையை ரப்பர் பட்டையால் இழுத்துத் தள்ளுவார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் பொதுவாக ஒரு தனித் திரை. பாரிஸில் ஸ்டான்லி வில்லியம் ஹேட்டரின் 'அத்தெலியே 17' பட்டறையில் இந்திய அச்சோவியர் கிருஷ்ணா ரெட்டி வளர்த்தெடுத்த முறை இன்னொரு அற்புதம். மைகளின் பிசுபிசுப்பைக் கூட்டிக் குறைத்து, ஒரே தகட்டிலிருந்து ஒரே அழுத்தத்தில் பல நிறங்களை எடுத்துவிடுவார்கள். அந்தப் படங்களை நேரில் பார்த்தால், நிறங்கள் ஒன்றுக்கொன்று எப்படி வழிவிட்டு நிற்கின்றன என்று வியக்காமல் இருக்க முடியாது.

எந்த முறை என்று கண்டுபிடிக்கப் பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு சின்ன லென்ஸ் போதும். சாதாரண ஆஃப்செட் அச்சில் நான்கு நிறப் புள்ளிகள் பூப்போல வட்டம் வட்டமாக அமைந்திருக்கும். ஸ்கிரீன் பிரிண்டில் மை ஒரு படலமாக, திட்டமான விளிம்போடு தாளின் மேல் உட்கார்ந்திருக்கும். புள்ளியைப் பார்த்தவுடன் நகல் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. வார்ஹாலின் ஸ்கிரீன் பிரிண்டுகள் புகைப்படத்திலிருந்து செய்தவை, அவற்றில் புள்ளிகள் இருக்கத்தான் செய்யும். இன்னொரு அமெரிக்க ஓவியர் ராய் லிக்டென்ஸ்டைனுக்கோ புள்ளியேதான் பாணி.

இன்க்ஜெட் அச்சு என்றால் உடனே தள்ளிவிடலாமா? கூடாது. பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி 2011இல் யார்க்‌ஷயரின் வோல்ட்கேட் சாலையில் வசந்தம் வருவதை ஐபேடிலேயே வரைந்தார். அந்தப் படங்கள் 25 பிரதிகள் கொண்ட எடிஷன்களாக இன்க்ஜெட்டில்தான் அச்சாயின. வரைந்ததே திரையில் என்பதால், தாளில் வரும் பிரதி அங்கே அசல். கான்வாஸ் ஓவியத்தை ஸ்கேன் செய்து, அதே இயந்திரத்தில் அச்சடித்து, ஜிக்லே என்று பெயரிட்டு விற்பது வேறு விஷயம். இயந்திரம் ஒன்றுதான். படம் எங்கே பிறந்தது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

எண்ணைப் படிப்பது

சரி, இப்போது எண்ணுக்கு வருவோம். 1/75 கிடைத்தால் 74/75ஐ விட உசத்தி என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலான சமகால அச்சோவியங்களில் அதற்கு அடிப்படை இல்லை. தாள்கள் உலரும் வரிசை வேறு, ஓவியர் உட்கார்ந்து கையெழுத்திடும் வரிசை வேறு. டிரைபாயின்ட் ஒரு விதிவிலக்கு. அதில் ஊசியால் உலோகத்தைக் கீறும்போது கோட்டின் ஓரத்தில் எழும் மெல்லிய சிலாம்புதான் மையைப் பிடித்துக்கொண்டு, கோட்டுக்கு வெல்வெட் போன்ற மென்மையைத் தருகிறது. அச்சு இயந்திரத்தின் அழுத்தத்தில் அது சீக்கிரம் நசுங்கிவிடும். அங்கே முதலில் எடுத்த தாள்கள் உண்மையிலேயே வளமானவை. அதையும் எண்ணை நம்பி முடிவு செய்யாமல், இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் வைத்துக் கண்ணால் ஒப்பிட வேண்டும்.

கீழே இருக்கும் 75 என்ற எண்ணும் முழுக் கணக்கைச் சொல்வதில்லை. எடிஷனுக்கு வெளியே ஓவியர் தனக்கென எடுத்துக்கொள்ளும் பிரதிகள் உண்டு. அவற்றில் ஏ.பி. என்றோ, பிரெஞ்சு வழக்கில் இ.ஏ. என்றோ எழுதியிருக்கும். எடிஷனில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இவற்றை எடுப்பது பரவலான வழக்கம். அச்சிட்டவருக்குப் போவது பி.பி., விற்பனைக்கு அல்லாமல் காட்சிக்கென்று ஒதுக்குவது எச்.சி. "இதன்படியே அச்சிடுங்கள்" என்று ஓவியர் ஒப்புதல் தரும் பிரதி பி.ஏ.டி. அது பொதுவாக ஒன்றே ஒன்றுதான் இருக்கும், அச்சுக் கலைஞரிடமே தங்கிவிடும். வார்ஹாலின் மர்லின் தொகுப்பிலும் 250 போக, ஆங்கில எழுத்து வரிசையில் குறியிட்ட 26 கூடுதல் பிரதிகள் இருந்தன. "மொத்தம் எத்தனை தாள் உலகில் இருக்கிறது?" என்று கேளுங்கள். நேர்மையான பதிப்பாளர் எல்லாவற்றையும் கூட்டியே சொல்வார்.

ஒரே படத்துக்கு இரண்டு மூன்று எடிஷன்கள் இருப்பதும் சகஜம். பெயரை மறைத்து இயங்கும் பிரிட்டிஷ் தெரு ஓவியர் பேங்க்ஸியின் 'பலூன் சிறுமி' 2004இல் ஸ்கிரீன் பிரிண்டாக வந்தபோது கையெழுத்திட்டவை 150, கையெழுத்தில்லாதவை 600. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், சந்தையிலோ இரண்டும் வேறு வேறு பொருள். அதனால் ஒரு படம் என்ன விலைக்குப் போனது என்று தேடும்போது எந்த எடிஷன் என்பதைக் கவனிக்காவிட்டால் கணக்கே தப்பாகிவிடும். இன்னொரு புது வழக்கமும் வந்திருக்கிறது. எத்தனை பிரதிகள் என்று முன்கூட்டி வரையறுக்காமல், குறிப்பிட்ட நாட்களுக்குள் கேட்ட எல்லோருக்கும் அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, அந்த எண்ணிக்கையையே எடிஷன் என்று அறிவிப்பது. பிரிட்டிஷ் ஓவியர் டேமியன் ஹர்ஸ்ட் 2021இல் செர்ரிப் பூக்களை வைத்துச் செய்த எட்டுப் படங்கள் இப்படித்தான் விற்றன. விரும்பிய எல்லோருக்கும் படம் கிடைக்கிறது என்பதால் எனக்கு இந்த வழி பிடிக்கும். ஆனால் விரும்பியவர்கள் கையிலெல்லாம் ஏற்கெனவே படம் இருப்பதால், பிறகு விலை ஏறும் என்று எதிர்பார்ப்பதற்கு அங்கே இடம் குறைவு.

கையெழுத்தை எவ்வளவு நம்பலாம்?

பென்சிலால் கையெழுத்திடும் பழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியில்தான் வேரூன்றியது. ஜேம்ஸ் விஸ்லர், சீமோர் ஹேடன் போன்ற எட்சிங் கலைஞர்கள் அதைப் பரப்பினார்கள். அது வந்த பிறகு, படத்தைப் பார்ப்பதற்கு முன்பே கையெழுத்தைத் தேடும் பழக்கமும் கூடவே வந்துவிட்டது. அதன் ஆபத்துக்கு ஸ்பானிய ஓவியர் சால்வடார் டாலியை விடப் பெரிய உதாரணம் இல்லை. படமே அச்சாகாத வெற்றுத் தாள்களில் அவர் ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். 1974இல் பிரெஞ்சு அதிகாரிகள் அந்தோரா எல்லையில் மறித்த ஒரு வண்டியில் அப்படிப்பட்ட 40,000 தாள்கள் இருந்ததாக அப்போது செய்தி வந்தது. கையெழுத்து உண்மை, அதற்கு மேலே பின்னால் யார் எதை அச்சிட்டார்கள் என்பது வேறு கதை. அதனால்தான் டாலியின் பிற்கால அச்சோவியங்களை வாங்க இன்றும் தயங்குகிறார்கள்.

நேர்மாறான விஷயமும் உண்டு. கையெழுத்து முன்பக்கம் இல்லை என்பதற்காக ஒன்றைப் போலி என்றும் சொல்லிவிட முடியாது. 1967 மர்லின் படங்களில் பென்சில் கையெழுத்தும் ரப்பர் முத்திரையில் குத்திய எண்ணும் தாளின் பின்பக்கம் இருக்கின்றன. அதே மர்லின் படங்களை 'சண்டே பி. மார்னிங்' என்ற பெயரில் 1970 முதல் வேறு சிலர் அச்சிட்டு வெளியிட்டார்கள். முன்பக்கத்தை மட்டும் பார்த்தால் பழகாத கண்ணுக்கு வித்தியாசம் எளிதில் பிடிபடாது. சட்டத்தைக் கழற்றிப் பின்பக்கத்தைக் காட்டச் சொல்வதில் கூச்சமே வேண்டாம். காட்ட மறுத்தால் வாங்க வேண்டாம்.

கையெழுத்தை விட எனக்கு நம்பிக்கை தருவது ஆவணங்கள். முக்கியமான ஓவியர்களின் எல்லா அச்சுகளையும் அளவு, தாள், பிரதி எண்ணிக்கை, அச்சகம், பதிப்பாளர் என்று பதிவுசெய்த முழுமைப் பட்டியல் நூல்கள் இருக்கின்றன. கேட்டலாக் ரெசோனே என்பார்கள். உங்கள் தாளின் நீள அகலத்தை அளந்து அந்த நூலோடு ஒப்பிட்டாலே பாதிப் போலிகள் பிடிபட்டுவிடும். அடுத்தது அச்சகத்தின் முத்திரை. தாளின் மூலையில் மையில்லாமல் அழுத்தி எடுத்த சின்னப் புடைப்புக் குறி அது. ஜூன் வெய்ன் 1960இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய டாமரிண்ட் லித்தோகிராஃபிப் பட்டறை, ஒவ்வொரு எடிஷனுக்கும் எத்தனை தாள், என்ன மை, யார் அச்சிட்டது என்று எழுதிவைப்பதை ஓர் ஒழுங்காகவே ஆக்கியது. அதே நகரில் 1966இல் தொடங்கிய ஜெமினி ஜி.இ.எல். போன்ற பட்டறைகளின் முத்திரை இருந்தால் ஆராய்ச்சி எளிதாகிவிடும், பதிவுகள் அங்கே இருக்கின்றன.

சான்றிதழ் என்று கூடவே வரும் தாளைப் பற்றி ஒரு வார்த்தை. யார் கொடுத்தது என்பதில்தான் அதன் மதிப்பு முழுவதும் இருக்கிறது. பேங்க்ஸிக்காக 2008 முதல் சான்று தருவது 'பெஸ்ட் கன்ட்ரோல்' என்ற பெயரில் இயங்கும் அலுவலகம். அச்சோவியத்துக்கான அதன் சான்றிதழில் பேங்க்ஸி உருவாக்கிய டயானா முகம் போட்ட பத்துப் பவுண்டு கேலி நோட்டின் ஒரு பாதி இணைக்கப்பட்டிருக்கும், மறுபாதி அவர்களிடம் இருக்கும். இரண்டும் பொருந்தினால்தான் சான்று செல்லும். அதே சமயம், விற்கிறவரே கம்ப்யூட்டரில் தட்டி எடுத்து, தானே கையெழுத்திட்ட 'சான்றிதழ்' என்றால், அது அவர் வாய்வார்த்தைக்குச் சமம்தான்.

தாளின் நிலை

ஒரே எடிஷனின் இரண்டு தாள்கள் ஒன்றுக்கொன்று பல மடங்கு விலை வித்தியாசத்தில் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். புதியவர்கள் அதிகம் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான்.

வெயிலும் விளக்கும் நிறத்தைத் தின்னும். இழந்த நிறத்தை எந்தப் பராமரிப்பாளராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. சட்டத்துக்குள் மறைந்திருந்த ஓரத்தை வெளியே தெரிந்த பகுதியோடு ஒப்பிட்டால் எவ்வளவு வெளிறியது என்று தெரிந்துவிடும். மலிவான அட்டையில் உள்ள அமிலம் வருடக்கணக்கில் கசிந்து, படத்தைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் ஒரு கட்டம் போட்டுவிடும். ஈரப்பதத்தில் பூஞ்சையால் துருப்பிடித்ததுபோல் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். ஒட்டுநாடாவின் பசை தாளுக்குள் ஊறி மஞ்சளாகும். இவற்றில் சிலவற்றைத் தேர்ந்த பராமரிப்பாளர்கள் ஓரளவு சரிசெய்வார்கள்.

சரிசெய்யவே முடியாதது ஓரத்தை வெட்டிவிடுவது. சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று யாரோ வெள்ளை விளிம்பைக் கத்தரித்திருப்பார்கள். தாள் முழு அளவில் இல்லாவிட்டால் விலை பலமாக விழும். படத்தை அட்டையில் முழுவதுமாக ஒட்டிவிடுவதும் ஏறக்குறைய அதே அளவு சேதம். இந்தக் காரணத்தால் இணையத்தில் வாங்கும்போது ஒரு புகைப்படம் போதாது. முழுத் தாள், நான்கு மூலைகள், பின்பக்கம், சாய்வெளிச்சத்தில் ஒரு படம் என்று கேட்டு வாங்குங்கள். எழுத்தில் ஒரு நிலை அறிக்கையும் கேளுங்கள்.

வாங்கியபின் செய்ய வேண்டியது சுருக்கமானது. அமிலமற்ற பருத்தி அட்டை, படம் கண்ணாடியைத் தொடாதபடி இடைவெளி, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுப் பசையும் கொண்டு மேல் ஓரத்தில் மட்டும் பிடிமானம். அருங்காட்சியகங்கள் தாளில் உள்ள படைப்புகளுக்குச் சுமார் 50 லக்ஸ் அளவுக்குத்தான் வெளிச்சம் தருகின்றன. வீட்டில் அவ்வளவு கறாராக இருக்க முடியாது. ஆனால் நேர் வெயில் படும் சுவரும் குளியலறைச் சுவரும் வேண்டவே வேண்டாம்.

விலையை எப்படி நிதானிப்பது?

ஒரே படம், ஒரே எடிஷன், ஏறக்குறைய ஒரே நிலை. இந்த மூன்றும் பொருந்தும் பிரதிகள் கடந்த இரண்டு மூன்று வருடங்களில் பொது ஏலங்களில் என்ன விலைக்குப் போயின என்று பார்ப்பதுதான் மதிப்பிடும் வழி. ஒரே ஒரு உச்ச விலையைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். இரண்டு பேர் போட்டி போட்ட ஒரு மாலைப் பொழுதின் கணக்கு அது. விற்காமல் திரும்பிய பிரதிகள் எத்தனை என்பதும் அதே அளவு முக்கியம். கடைகளிலும் இணையத்திலும் கேட்கிற விலை வெறும் கேட்கிற விலைதான், யாரோ கொடுத்த விலை ஆகாது.

ஏல விலையைப் படிக்கும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஏலம் முடிந்து சுத்தியல் விழும் விலைக்கு மேல் வாங்குபவர் தரும் கட்டணம் பெரிய ஏல நிறுவனங்களில் கால் பங்கு அளவுக்கு வரும். விற்பவரிடமும் கமிஷன் பிடிப்பார்கள். சுத்தியல் 100இல் விழுந்தால் வாங்கியவர் 125 தருகிறார், விற்றவர் கைக்கு 90 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் நீங்கள் 125 கொடுத்து வாங்கிய படத்தை நஷ்டமில்லாமல் ஏலத்தில் விற்க, சுத்தியல் விலை ஏறக்குறைய 139 ஆக உயர வேண்டும். அச்சோவியத்தைச் சில மாதங்களில் கைமாற்றி லாபம் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். பத்து வருடம் சுவரில் இருந்தாலும் அலுக்காது என்று தோன்றும் படத்தை மட்டும் வாங்குங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மதிப்பீடு என்று எழுதித் தரும்போதும் எதற்கான மதிப்பீடு என்று கேளுங்கள். காப்பீட்டுக்கு எழுதுவது, அதே படத்தைக் கடையில் உடனே திரும்ப வாங்க ஆகும் தொகை. சந்தை மதிப்பு என்பது நீங்கள் விற்றால் நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது. முதலாவது எப்போதும் பெரிதாகவே இருக்கும். அந்தத் தாளைக் காட்டி யாராவது விலை பேசினால் ஏமாற வேண்டாம்.

தொகுப்பாக வெளியானவற்றுக்குத் தனிக் கணக்கு. பத்துப் படங்களும் ஒரே எண்ணோடு, மூல உறையோடு ஒன்றாக இருந்தால், தனித்தனியே விற்ற பத்தின் கூட்டுத்தொகையை விட அதிகம் போகக்கூடும். முழுத் தொகுப்பு கையில் இருந்தால் பிரிக்கும் முன் நன்றாக யோசியுங்கள். ரசீது, பதிப்பாளரின் கடிதம், பழைய சட்டத்தின் பின்னால் ஒட்டியிருந்த கண்காட்சிச் சீட்டு எதையும் எறிய வேண்டாம். அடுத்து வாங்குபவர் கேட்கப்போகும் முதல் கேள்விக்குப் பதில் அவற்றில்தான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. வாங்குவதற்கு முன் நிறையப் பார்க்க வேண்டும், அதற்குச் செலவே இல்லாத ஒரு வழி இருக்கிறது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் உட்படப் பல பெரிய அருங்காட்சியகங்களில் அச்சோவியங்களுக்கென்று வாசிப்பு அறை உண்டு. முன்பதிவு செய்துவிட்டுப் போய், எந்தப் படம் வேண்டும் என்று சொன்னால், கண்ணாடியும் சட்டமும் இல்லாமல் மேசைமேல் எடுத்து வைப்பார்கள். லென்ஸை அனுமதிப்பார்களா என்று முன்பே கேட்டுவிட்டுப் போங்கள். ஒரு நல்ல எட்சிங்கையும் ஒரு நல்ல லித்தோகிராஃபையும் பக்கத்தில் பக்கத்தில் கேட்டுப் பார்ப்பது தொடக்கத்துக்கு மிகவும் உதவும்.